பதினொன்று எண்ணும்வரை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாத அடைமழையில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பழைய அறைக்குள் என் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை இன்றுவரை வெளியாட்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. சொல்வதென்றால் நான் எவ்வளவு மட்டமாக நடந்துகொண்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனியும் தள்ளிப்போட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்கே ஊசியும் பஞ்சுமாக உட்கார்ந்துவிடுவேன், மதியம் ஒரு மணிக்கு விடுதலை. எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான். அப்பா காலத்தில்தான் வேன் ஓட்டத் தொடங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, தலைநிமிர்ந்தோம். சர்ச் பாடகர் குழுவுக்காகப் பதின்மூன்று வயதில் கிடார் கற்றுக்கொண்டேன். அது மட்டும் என்னை விடவே இல்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாராவது என்னைக் குறைத்துப் பார்க்கிறார்கள் என்று தோன்றினால் போதும், விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதிவிடுவேன்.

கல்லூரி முடித்த வருடம் போனில் எதையோ தேடப்போய் ஒரு இசை அகப்பட்டது. மேத் ராக் என்று பெயர். கணக்கு ராக் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ராக் பாட்டு நான்கு நான்காக நடக்கும், காலைத் தட்டிக்கொண்டே கேட்டுவிடலாம். இது அப்படி இல்லை. ஏழாக நடக்கும், திடீரென்று ஐந்துக்குத் தாவும், அங்கிருந்து பதினொன்றுக்குப் போகும். நீங்கள் காலைத் தட்டினால் உங்கள் கால் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் அமெரிக்காவின் சில தொழிற்சாலை நகரங்களில், கத்திக் கத்திப் பாடும் கூட்டத்திலிருந்து வந்த பையன்களுக்கு அந்த நான்கு எண்ணிக்கை அலுத்துப்போயிருக்கிறது. அதை உடைத்து உடைத்துப் போட்டு வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். பெயர்கூட யாரோ கேலியாக வைத்தது என்றுதான் சொல்வார்கள். கேட்க வருகிறவன் கையில் கால்குலேட்டர் இருந்தால்தான் எங்கே கைதட்டுவது என்று தெரியுமாம். வாசித்தவர்கள் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்கவும் இல்லை. பிறகு ஜப்பானியப் பிள்ளைகள் அதை எடுத்து வேறு மாதிரி மினுக்கினார்கள். கிடாரில் கரகரப்பு இல்லாமல், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறிக்கும். பல நேரம் இரண்டு கை விரல்களாலும் கம்பிகளை மேலிருந்தே தட்டுவோம். பெரும்பாலும் பாட்டு வரிகளே இருக்காது. என் அம்மா கேட்டுவிட்டு, “சாமான் கழுவுற சத்தம் மாதிரி இருக்குது” என்றார். தப்பில்லை, அப்படியும் சொல்லலாம்.

எங்கள் ஊர்க் காதுக்கு ஏழு ஒன்றும் புதிதில்லை. கோயில் ஊர்வலம் எங்கள் சர்ச் இருக்கும் சாலையைக் கடக்கும்போது தவிலில் அந்த எண்ணிக்கையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். எனக்குப் புதிதாக இருந்தது நிறுத்தம். இந்த இசையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாரும் சட்டென்று நிறுத்துவார்கள். அப்புறம் ஒன்றுமே இல்லை. மறுபடி ஒரே நொடியில் எல்லாரும் சேர்ந்து வந்து விழுவார்கள். நடுவில் இருக்கும் அந்த மௌனத்தையும் எண்ண வேண்டும். எண்ணாவிட்டால் ஆளுக்கொரு இடத்தில் விழ வேண்டியதுதான்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம். டிரம்ஸ் வாசித்த நண்பன் போன் தயாரிக்கும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன், என் சர்ச்காரன்தான். பேஸ் கிடார் வாசித்தவன் தெலுங்கு பேசும் பட்டு நூல் வியாபாரிகள் வீட்டுப் பிள்ளை. பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய தறி அறை இருந்தது. தறியை எப்போதோ கழற்றிவிட்டார்கள், ஏழெட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. நெய்கிறவர் காலை விட்டு உட்காருவதற்கான பள்ளத்தை மட்டும் மண் கொட்டி மூடி, மேலே பழைய கோணிகளைப் பரப்பியிருந்தார்கள். வரிசையாக மூன்று வீடுகள், முன்னால் மூன்றுக்கும் பொதுவாக ஒரே நடை, நடையின் வாசலில் மூன்று கரண்ட் மீட்டர்கள். அந்த வரிசையில் எங்களுடையது கடைசி. ஒட்டியிருந்த வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு செங்கல் சுவர்தான்.

சனி, ஞாயிறு மதியங்களில் கூடுவோம். சத்தம் வெளியே போகக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வோம், ஜன்னலில் பழைய மெத்தையை அடைத்திருந்தோம். இருபத்தாறு வயதுப் பெண், இரண்டு பையன்கள், சாத்திய கதவு. ஊர் என்ன பேசும் என்று அம்மா தினமும் வீட்டில் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரமே கதவு தட்டப்பட்டது. சரியாக நாங்கள் நிறுத்தத்தில் இருந்த நொடி. திறந்தால் பக்கத்து வீட்டம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். முந்தானையைச் சொருகியபடி, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். என் தோளுக்கு மேலாக அறைக்குள் பார்த்தார். மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லையேம்மா?” என்றார்.

“ஒண்ணும் இல்லையே” என்றேன். போய்விட்டார்.

அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரம் இரண்டு முறை. நாங்கள் முழுச் சத்தத்தில் அடித்து நொறுக்கும்போது அவர் வந்ததே இல்லை. சத்தம் நின்ற உடனே வருவார். எட்டிப் பார்ப்பார். ஆளை எண்ணுவார். போவார். ஒருநாள் கதவைத் தட்டாமலேயே தள்ளிப் பார்த்தார்.

பையன்கள் சிரித்தார்கள். டிரம்ஸ்காரன், “நம்ம பாட்டுக்கு ஊர்ல இருக்கிற ஒரே ரசிகை, நிறுத்துனாத்தான் வராங்கபா” என்று கிண்டல் செய்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் நின்றால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்று வேவு பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். பையன்களை அவர் அப்படிப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறார் என்று தோன்றியது. நான் எந்தத் தெருவிலிருந்து வருகிறேன் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார் என்று தோன்றியது. ஒரு வார்த்தைகூட அவர் அப்படிச் சொன்னதில்லை. எல்லாம் நானே எழுதி நானே படித்துக்கொண்டது.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிறுத்தம் வரப்போகிறது என்று தெரிந்து, கிடாரைக் கீழே வைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றுகொண்டேன். மற்ற இருவரும் நிறுத்தினார்கள். நடையில் வேகமாகக் காலடிச் சத்தம் கேட்டது. அவர் தட்டுவதற்கு முன்னால் கதவைப் படாரென்று திறந்தேன்.

“இன்னா, உள்ள இன்னா பண்றோம்னு பாக்கணுமா? உள்ள வாங்க. பாய் போடறேன், உக்காந்து நல்லா பாருங்க. பாத்துட்டுப் போயி தெருவெல்லாம் சொல்லுங்க” என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் வீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் முகம் எப்படிப் போனது என்று இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. கை தட்டுவதற்காகத் தூக்கியது தூக்கியபடியே நின்றது.

“இல்லம்மா. சத்தம் நின்னுப்போச்சேன்னு தான்” என்றார். திரும்பிப் போனார்.

அன்றோடு தட்டுவது நின்றது. எனக்கு வெற்றி பெற்ற திமிர். பேஸ்காரன் மட்டும், “அப்படிப் பேசியிருக்க வேணாம், அவங்க நல்ல மாதிரிதான்” என்றான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதோடு விட்டேனா? கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போடத் தொடங்கினேன். இன்னொரு காரியமும் செய்தேன். அதுவரை எங்கள் பாட்டில் மிக நீண்ட நிறுத்தம் ஐந்து எண்ணிக்கைதான். அதைப் பதினொன்றாக்கினேன். இசைக்காக இல்லை. ‘இவ்வளவு நேரம் நிறுத்துகிறோமே, இப்போது வருகிறாயா பார்க்கலாம்’ என்ற வீம்புக்காக. நிறுத்தம் வந்ததும் மூவரும் கதவைப் பார்த்துப் பல்லைக் காட்டுவோம். யாரும் வரமாட்டார்கள். பதினொன்றில் சேர்ந்து விழுவோம். அந்த இடம்தான் பாட்டிலேயே அழகான இடம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. அந்த அறையில் மண் கொட்டி மூடிய பள்ளத்தில் அடியிலிருந்தே தண்ணீர் ஊறும். மேலே விரித்த கோணி எப்போதும் ஈரமாக இருக்கும். கிடார் சத்தத்தைப் பெருக்கும் என்னுடைய ஆம்ப் யாரிடமோ வாங்கிய பழையது. அதன் பிளக்கில் மூன்று முள், அறையின் சுவரிலோ இரண்டு துளை. மூன்றாவது முள் எதற்கு என்று பரிசோதனை மெஷின்களோடு தினமும் பழகுகிற எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவசரத்தில் அந்த எர்த் முள்ளை இடுக்கியால் வளைத்து ஒடித்துவிட்டு, மற்ற இரண்டையும் சொருகிவிட்டேன். டிரம்ஸ்காரன் இரண்டு முறை சொன்னான், மாற்று மாற்று என்று. மாற்றலாம் மாற்றலாம் என்று நாள் கடத்தினேன்.

அன்று புதன்கிழமை. சென்னையில் ஒரு சின்ன அரங்கில் வாசிக்க முதல் வாய்ப்பு வந்திருந்தது. விரல் பழக வேண்டும் என்று வேலை முடிந்த கையோடு தனியாகப் போனேன். மதியம் இரண்டரை இருக்கும். நல்ல மழை. அறைக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிவிடுவது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். தாழ்ப்பாள் போட்டேன். ஆம்பைப் போட்டேன். வெறுங்காலோடு கோணி மேல் நின்று எங்கள் பாட்டை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். முதல் பகுதி போனது. பதினொன்று நிறுத்தமும் போனது, நானே எண்ணி நானே வந்து விழுந்தேன். மூன்றாவது பகுதியில், இரண்டு கை விரல்களும் கம்பி மேல் இருந்தபோது அது நடந்தது.

ஷாக் என்றால் தூக்கி எறியும் என்று நினைத்திருந்தேன். எறியவில்லை, பிடித்துக்கொண்டது. விரல்கள் கம்பியோடு இறுகிவிட்டன. தாடை கிட்டித்துக்கொண்டது. கத்த வேண்டும் என்று தெரிகிறது, குரல் எங்கோ அடியில் கிடக்கிறது. பக்கவாட்டில் விழுந்தேன், கிடாரும் என்னோடு வந்தது. அப்போதும் கை விடவில்லை. ஆம்பிலிருந்து ‘ங்ங்ங்’ என்று ஒரே சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பெரிய விஷயம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அதை எதற்காகப் போட்டேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

பிறகு எல்லாம் இருண்டது. மின்விளக்கு அணைந்ததா, என் கண் அணைந்ததா என்று அப்போது தெரியவில்லை. கை தளர்ந்தது. யாரோ கதவை இடிக்கிற சத்தம். தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. ஈரத் தலையோடு ஒரு முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. பக்கத்து வீட்டம்மாதான். பின்னால் முதல் வீட்டு ஆட்கள் இரண்டு பேர்.

ஆட்டோவில் என் தலை அவர் மடியில் இருந்தது. வழியெல்லாம் என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். மருத்துவமனையில் ஒரு நாள் வைத்து, இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இடது கையில் மூன்று விரல்கள் வெந்திருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் என் அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுதுகொண்டே அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா என்று எழுதுகிறேன், பாருங்கள். அன்றுவரை என் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை.

சாயந்திரம் பேச்சு வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன். “எப்படிக்கா தெரிஞ்சிது உங்களுக்கு?”

“நீ தப்பான எடத்துல நிறுத்திட்டம்மா” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே நிதானமாகச் சொன்னார். “நீங்க நிறுத்துனா பதினொண்ணு எண்ணுவேன். பதினொண்ணுல வந்துடுவீங்க. இன்னைக்கு நீ நிறுத்துன எடம் நிறுத்துற எடமே இல்ல. இருந்தாலும் எண்ணுனேன். வரல. திரும்பவும் எண்ணுனேன். வரல. ‘ங்’குன்னு சத்தம் மட்டும் கேட்டுக்கினு இருக்குது. மழைல அந்தச் செவுரு எனக்கே ரெண்டு வாட்டி ஷாக் அடிச்சிருக்குது. அதான் ஓடிப்போயி மீட்டர்ல ஃப்யூஸ புடுங்கிட்டேன். எது யாருதுன்னு பாக்கல, மூணையும் புடுங்கிட்டேன்.”

இரண்டு முறை எண்ணி நேரத்தைக் கழித்துவிட்டேனே என்று என்னிடமே மன்னிப்புக் கேட்பது போல வேறு சொன்னார். முன்பு மாதிரி முதல் நொடியே ஏன் ஓடிவரவில்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

விரல் ஆற ஒன்றரை மாதம் ஆனது. சென்னை நிகழ்ச்சி கைவிட்டுப் போனது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல், போனில் பதிவு செய்து வைத்திருந்த எங்கள் பழைய பயிற்சிகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். போனை எப்போதும் அந்த நடுச்சுவர் மாடத்தில்தான் வைப்போம். ஆனி மாதப் பதிவுகளில், நாங்கள் நிறுத்துகிற இடங்களில் சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறி ஓடுவது கேட்டது. டடக், டக். இரண்டு அடி கேட்கும், உடனே தறியும் நின்றுவிடும், அப்புறம் காலடிச் சத்தம், கதவு தட்டும் சத்தம். அது தெரிந்ததுதான்.

நான் திட்டியதற்குப் பின்னால் வந்த பதிவுகளைக் கேட்டேன். பதினொன்று நிறுத்தம். நாங்கள் மூவரும் களுக்கென்று சிரிப்பது கேட்டது. தறிச் சத்தம் இல்லை. பாட்டு மறுபடி தொடங்கிவிடுகிறது. அடுத்த பதிவைப் போட்டேன். அதிலும் அந்தப் பதினொன்றில் தறி இல்லை. அடுத்ததிலும் இல்லை. பாட்டு முழுவதும் முடிந்தபின், நாங்கள் வெறுமனே பேசிக்கொண்டிருக்கும் இடங்களில் தறி நன்றாகவே ஓடுகிறது. பதினொன்றில் மட்டும் இல்லை. நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த அத்தனை முறையும், அந்தப் பக்கம் ஒரு பெண் நெசவை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியிருக்கிறார். போனை அணைத்துவிட்டு அழுதேன். அடிபட்டபோதுகூட அப்படி அழவில்லை.

மறுநாளே போனேன். தறிக்குள் உட்கார்ந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். “அக்கா, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றேன்.

“வுடும்மா. வயசுப் பொண்ணு, கோவம் வரத்தான் செய்யும்” என்றார். பிறகு தறியைக் கைகாட்டிச் சொன்னார். நாங்கள் அந்த அறைக்கு வருவதற்கு நான்கு வருடம் முன்பு இருக்கும். அவர் வீட்டுக்காரர் அதே தறியில் நெய்துகொண்டிருந்தார். இவர் பின்கட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தறி நின்றது கேட்டது. அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தார். இழை முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று நெசவு வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் தாண்டியது. கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டார். போய்ப் பார்க்கும்போது வீட்டுக்காரர் நெய்த சேலை மேலேயே கவிழ்ந்து கிடந்தார், மூச்சு இல்லை.

“எங்க தெருவுல தறி நின்னு ரொம்ப நேரமானா பக்கத்து வூட்ல இருந்து ஒரு கொரலு வரும்மா. ‘இன்னா, தறி நின்னுக்கினு இருக்குது?’ன்னு கேப்பாங்க. எப்பவும் கேக்கறதுதான். அன்னைக்கு இந்தப் பக்கம் உங்க ரூம் பூட்டிக் கெடந்துச்சு. அந்தப் பக்கத்துக்காரங்க கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. கேக்கறதுக்கு ஆளு இல்ல” என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் ஆள் சத்தம் கேட்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தச் சத்தம் நிமிடத்துக்கு ஒரு முறை சட்டென்று நின்றால் எப்படி இருந்திருக்கும் என்றும் யோசித்துப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

அறையில் இப்போது மூன்று துளை பிளக் பாயின்ட், எர்த், கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ட்ரிப் சுவிட்ச் எல்லாம் இருக்கின்றன. பழைய ஆம்பைக் காயலான் கடையில் போட்டாயிற்று. பள்ளத்துக்கு மேல் தடிமனான ரப்பர் விரிப்பு. தாழ்ப்பாளைத் திரும்பப் போடவே இல்லை. பாட்டிலிருந்து அந்தப் பதினொன்றை எடுத்துவிடலாம் என்று மூவரும் பேசி, அவரிடமே போய்ச் சொன்னேன்.

“எதுக்கு எடுக்கணும்? அப்பத்தான் நான் காலை நீட்டிக்கினு உக்கார்றேன்” என்றார். சிரித்தார். பிறகு சிரிப்பு போய், “நீ வருவேன்னு எனக்குத் தெரியும்மா. வருவேன்னு தெரிஞ்சு காத்துக்கினு இருக்கறது நல்லாத்தான் இருக்குது” என்றார். அந்த இடம் அப்படியே இருக்கிறது.

அப்புறம் வேறு சில ஊர்களிலும் வாசித்துவிட்டோம். அந்த நிறுத்தம் வந்ததும் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் கைதட்டிவிடுவார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. எங்கள் பாட்டின் கணக்கை முழுதாகக் கற்றுக்கொண்ட ஒரே ஆள் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறார். எப்படிப்பட்ட பயத்தில் கற்றுக்கொண்டார் என்பது எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும்.

போன மாதம் ஒரு நாள் தனியாக கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறி நின்றது. என்னையறியாமல் கை நின்றுவிட்டது. எண்ணத் தொடங்கினேன். பதினொன்று ஆனது. இன்னொரு பதினொன்று ஆனது. கிடாரைப் போட்டுவிட்டு நடையில் ஓடினேன். அக்கா வாசலில் யாரோ உறவுக்காரரோடு டம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

“ஒரு டீ குடிக்க வுட மாட்டியாடி?” என்றார். நானும் சிரித்தேன். ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது, முழங்கால் இரண்டும் அப்படி நடுங்கின. இப்படி நடுங்கும் கால்களோடுதானே அந்த ஆனியிலும் ஆடியிலும் அவர் எங்கள் கதவுவரை அத்தனை முறை ஓடிவந்திருக்கிறார் என்று அப்போதுதான் என் உடம்புக்கே விளங்கியது.

இன்றும் பாட்டில் அந்த இடம் வரும்போது நாங்கள் நிறுத்துகிறோம், அந்தப் பக்கம் தறியும் நிற்கிறது. எங்கே தப்பினாலும் தப்புவேன், அந்தப் பதினொன்றை மட்டும் பன்னிரண்டாக விட்டதே இல்லை.